ரூத்தின் நூலைக் கூடிப் பயிலுதல்

வேதபாடம் என்னும் சொல் நம் சபைகளில் இரு பொருள்பட வழங்குகின்றது. ஒருவர் எடுத்துரைக்கப் பலர் கேட்டிருப்பது ஒன்று. பலரும் ஒரு நூலை நடுவே வைத்து, அதனையே ஆசிரியராகக் கொண்டு வினாவியும் விடை கண்டும் பயில்வது மற்றொன்று. முன்னது பெருவழக்கு. பின்னது சிலவிடத்தேயுள்ளது, அங்கும் நாளடைவில் நாவன்மையுடைய ஒருவர் பேச ஏனையோர் தலையசைக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றது. எம் சபையில் முதியோரும் இளையோருமாகப் பன்னிருவர் கூடி, ஐந்து ஞாயிறு மாலைகளில் ரூத்தின் நூலை இரண்டாம் முறையாற் பயின்றோம். அப்பயிற்சியில் நூலைக் குறித்து விளங்கியவற்றையும், கூடிப் பயில்வார்க்கு அமைய வேண்டிய முறையையும், தமிழ் பயிலும் மாணாக்கர் என்ற நிலையில் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ரூத்தின் நூல் சிறியது. 4 அதிகாரம், 85 வசனம்; அரைமணிப் பொழுதிற்குள் முழுவதும் வாசித்து முடிக்கலாம். நம் வேதாகமத்தில் இது நியாயாதிபதிகளின் புத்தகத்தை அடுத்து நிற்கின்றது. கதை நியாயாதிபதிகளின் காலத்தில் நிகழ்ந்ததென்று முதல் வசனமே கூறுதலின் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அவ்வாறு வைத்தனர். எபிரேய வேதத்திலோ இது மூன்றாம் பகுதியாகிய எழுத்துக்களின் தொகுதியைச் சேர்ந்தது. அறுவடைக் காலத்து வாரங்களின் பண்டிகையில் யூதர் இதனை வாசிப்பர். வாற்கோதுமை அறுப்பில் தொடங்கிக் கோதுமை அறுப்பு முடியுங்காறும் நடக்கும் கதைக்கு அது பொருத்தமான நாளேயாம்.

தமிழர்க்கு இந்நூலோடு வேறொரு தொடர்பும் உண்டு. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி 1715இல் முடித்தபின், பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1719ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், 36 வயதில், அவர் இறந்தார். அவர் மொழிபெயர்ப்பு ரூத்தின் நூலோடு நின்றது. எஞ்சியவற்றைச் சூல்சு ஐயர் தொடர்ந்து முடித்தார். பின்னர்ப் பப்ரிசியசு ஐயர் முழுவதையும் புதிதாகப் பெயர்த்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு பேர்சிவல் ஐயர் செய்த பெயர்ப்பு 1850இல் வந்தது. போவர் ஐயரின் தலைமையில் அமைந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் வெளியாயிற்று. இன்றும் நம் சபைகளிற் பெரும்பாலன வாசிப்பது இவ்வைக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்ததே. ஈண்டுத் தமிழ்ச் சொற்களை எடுத்துக் காட்டுமிடத்தெல்லாம் அதனையே கொண்டோம்.

முதன் மாலையில் யாம் செய்தது வாசித்தல் ஒன்றே. ரூத்தின் நூலிற் பாதிக்கு மேற்பட்டது உரையாடல். ஆதலின் கதை கூறுவார் ஒருவர், நகோமி ஒருவர், ரூத் ஒருவர், போவாஸ் ஒருவர் எனப் பங்கிட்டு, முழு நூலையும் வாய்விட்டு வாசித்தோம். நாடகம்போல் அங்க அசைவுகள் வேண்டா. குரல் வேறுபட்டாற் போதும். கண்ணால் வாசித்தபோது காணாதவை காதுக்குப் புலனாயின. ஓர்பாளின் பங்கை ஏற்ற தங்கைக்கு நூலில் வாய்த்தது ஒரே வாக்கியம். அதுவும் ரூத்தோடு சேர்ந்து சொல்வது. இரு மருமக்களும் ஒரு குரலாக, மாமியோடு வருவோம் என்கின்றனர். அதன்பின் ஓர்பாள் அழுது முத்தமிட்டுத் திரும்புகின்றாள். அத்தங்கை புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்; இனி வாசிக்க அவருக்கொன்றுமில்லை. ஓர்பாளைப் பழித்து நூலாசிரியர் ஒரு சொல்லும் கூறவில்லை என்பதை அன்று அனைவரும் உணர்ந்தோம்.

இது சிறு செய்தியன்று. ரூத்தின் உறுதிமொழி நம் திருமண வீடுகளில் மணப்பெண்ணுக்கு அறிவுரையாக வழங்குவது யாவரும் அறிந்ததே. மாமியாரை விட்டு நீங்காதே, அவர் சொற்படி நட, என்பது அவ்வறிவுரையின் சுருக்கம். நூலில் உள்ளதோ இதற்கு மாறு. மாமியார் சொன்னது திரும்பிப் போ என்பது. ஒரு முறையன்று, மீண்டும் மீண்டும் சொன்னாள். சொற்படி நடந்தவள் ஓர்பாள், நடவாதவள் ரூத். கணவன் இறந்தபின் மாமியாரோடு இருக்க வேண்டுமென்று அவளை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. குழுவில் இருந்த மணமான பெண்கள் இருவர் இதனை எடுத்துரைத்தபோது, முதியவர் ஒருவர் முகஞ்சுளித்து, "அப்படியானால் பணிவு வேண்டாமா?" என்றார். "பணிவு வேண்டும் ஐயா, ஆனால் அது இந்த அதிகாரத்தில் எழுதியிருக்கவில்லையே," என்றார் அவருள் ஒருவர். நூல் சொல்வது யாது என்னும் வினா, நாம் செய்யத்தக்கது யாது என்னும் வினாவிற்கு முன்னே நிற்றல் வேண்டும் என்று யாம் வகுத்த விதி அன்று உதவிற்று. அவ்விதி இல்லையேல், முன்பே அறிந்த நீதியை நூலின் மேலேற்றிவிட்டு எழுந்துபோவதே வழக்கமாகிவிடும்.

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். நூலின் உயிராகிய சொல் ஒன்று எபிரேயத்தில் மும்முறை வருகின்றது. அது 'கெசெட்' என்பது. நகோமி மருமக்களை வாழ்த்தி விடைகொடுக்கும்போது (1:8), ரூத் கொணர்ந்த தானியத்தைக் கண்டு கர்த்தரைப் போற்றும்போது (2:20), களத்தில் போவாஸ் ரூத்தைப் புகழும்போது (3:10) என மூவிடத்தும் அச்சொல்லே. தமிழிலோ முதலிடத்தில் 'தயை', இரண்டாமிடத்தில் 'தயவு', மூன்றாமிடத்தில் 'நற்குணம்'. ஒவ்வொன்றும் தன்னிடத்திற் பொருந்துவதே; மொழிபெயர்த்தோரைக் குறைகூறற்கு இடமில்லை. எனினும் மூன்று மணிகளையும் கோத்த நூலிழை தமிழ் வாசகர் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. தயை என்பதை மேலோர் கீழோர்க்குச் செய்வதென்று கொள்கின்றோம். நற்குணம் என்பதை ஒருத்தியின் இயல்பென்று கொள்கின்றோம். இரண்டும் ஒரு பொருளென்று எவர் நினைப்பார்?

அச்சொல்லுக்கு நேரான தமிழ் யாது என்று ஒரு மாலை முழுதும் வழக்காடினோம். அன்பு என்றார் சிலர். அருள் என்றார் சிலர். திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் இவ்விரண்டையும் பிரித்துரைப்பது தமிழ் மாணாக்கர் அறிந்தது: தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள். இப்பிரிவினை கொண்டு நோக்கின் ரூத்தின் செயல் எதனுள் அடங்கும்? கணவன் இறந்தான், மக்கள் இல்லை. நகோமியோடு அவளுக்கிருந்த தொடர்பு அறுந்தது. நகோமியே அதனை அறுத்து விடை கொடுத்தாள். ஆதலின் தொடர்பு பற்றிய அன்பெனல் முற்றும் பொருந்தாது. எல்லா உயிர்மேலும் செல்லும் அருளெனலும் பொருந்தாது. ரூத் உலகனைத்தையும் தழுவினாளல்லள், ஒரு கிழவியை விட்டு நீங்காதிருந்தாள், அவ்வளவே. தொடர்பு அறுந்த பின்னும் அறாதது போல ஒழுகுதல் என்று விரித்துச் சொல்லலாமேயன்றி, ஒரு சொல்லால் முடிக்க எமக்கு இயலவில்லை. போவாசும் இவ்வாறே. அவன் மிக நெருங்கிய உறவினன் அல்லன். அவனினும் நெருங்கியவன் ஒருவன் இருந்தான். அந்நெருங்கியவன் தன் சுதந்தரம் கெடும் என்று அஞ்சி விலகினான். எபிரேய மூலத்தில் அவனுக்குப் பெயரில்லை. 'இன்னான்' என்னும் பொருள்படும் சொற்றொடரே உண்டு. இறந்தவன் பெயரை நிலைநிறுத்தற்கு எழுந்த நூலில் அவன் பெயர் நில்லாது போயிற்று.

மொழிபெயர்ப்பில் மறைந்த இழை இன்னும் ஒன்றுண்டு. வயலில் ரூத்தை முதன்முதற் கண்ட போவாஸ், கர்த்தருடைய செட்டைகளின்கீழ் அடைக்கலம் புகுந்தவள் என்று அவளை வாழ்த்துகின்றான். பின்னர்க் களத்தில் நள்ளிரவில் அவனிடம் ரூத் வேண்டுவது அவன் போர்வையைத் தன்மேல் விரிக்க வேண்டுமென்பது. செட்டையும் போர்வையும் எபிரேயத்தில் ஒரு சொல்லே. 'கானாப்' என்பது சிறகுக்கும் ஆடையின் ஓரத்திற்கும் பெயர். நீர் எனக்காக எதனைக் கடவுளிடம் வேண்டினீரோ அதனை நீரே செய்க என்பது ரூத்தின் விண்ணப்பம். பிறர்க்காக வேண்டுதல் செய்துவிட்டு வீடு திரும்புவார்க்கு இதனினும் கூரிய விடை வேதத்தில் அரிது என்பது எம் கருத்து.

தமிழ் காத்த இழைகளையும் சொல்லாது விடலாகாது. நிறைவாய்ப் போய் வெறுமையாய்த் திரும்பினேன் என்று நகோமி முதலதிகாரத்திற் புலம்புகின்றாள். மூன்றாம் அதிகாரத்தில், மாமியாரிடம் வெறுமையாய்ப் போகவேண்டா என்று போவாஸ் வாற்கோதுமை கொடுத்ததாக ரூத் வந்து சொல்கின்றாள். இரண்டிடத்தும் வெறுமை என்னும் சொல்லே நிற்கின்றது. குணசாலி என்று போவாஸ் ரூத்தை அழைக்கும் சொல்லும், நீதிமொழிகளின் இறுதியதிகாரத்தில் வரும் குணசாலியான ஸ்திரீயைக் குறிக்கும் சொல்லும் மூலத்தைப் போலவே தமிழிலும் ஒத்துள்ளன. எபிரேய ஏடுகள் பலவற்றில் நீதிமொழிகளை அடுத்து ரூத்தின் நூல் வருதலின், அங்கே வினாவும் விடையும் அடுத்தடுத்து நிற்பதுபோல் தோன்றும்.

சொல்லாராய்ச்சி படித்தவர்க்கே உரியது, ஏனையோர் கேட்டிருக்கவே வருகின்றனர் என்று நினைப்பார்க்கு இரண்டாம் அதிகாரம் தக்க மறுப்பாயிற்று. எம் குழுவில் ஒரு தாயார் உளர், இளமை தொட்டு நாற்று நட்டும் கதிரறுத்தும் வாழ்ந்தவர், எழுத்துக்கூட்டியே வாசிப்பார். ரூத் மாலைவரையில் பொறுக்கித் தட்டியபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் இருந்தது என்னும் வசனம் வாசிக்கப்பட்டது. மூலத்திலுள்ள அளவு எப்பா. இக்காலக் கணக்கில் ஏறத்தாழ 22 லிட்டர். அதனைத் தமிழர் அறிய மரக்கால் என்று பெயர்த்துள்ளனர். யாம் அதைக் கடந்து அடுத்த வசனத்திற்குச் சென்றோம். அத்தாயார் நிறுத்தினார். "தம்பி, சிந்தின கதிரைப் பொறுக்கினால் ஒரு நாளிலே இவ்வளவு சேராது. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்," என்றார்.

மேலே திருப்பிப் பார்த்தோம். அரிக்கட்டுகளிலிருந்தே சிலவற்றை அவளுக்காக உருவிவிடுமாறு போவாஸ் வேலைக்காரர்க்குச் சொல்லியிருந்தான். அதனை ரூத் அறியாள். நகோமி அறிந்தாள், எவ்வாறு? அத்தாயார் அறிந்தவாறே, தானியத்தின் அளவைக் கண்டு. இன்று எங்கே பொறுக்கினாய், உன்னைக் கவனித்தவன் வாழ்க, என்று நகோமி வினாவும் வாழ்த்தும் ஒருங்கே கூறுவதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. கெசெட் என்னும் சொல் இரண்டாம் முறை வருவதும் இவ்விடத்தே. உயிரோடிருப்பார்க்கும் மரித்தார்க்கும் தயவு செய்பவர் கர்த்தரோ போவாசோ என்பது எபிரேய வாக்கியத்தின் அமைப்பில் ஐயத்திற்கு இடமானது, இருவர்க்கும் பொருந்தும். தமிழ் அதனைக் கர்த்தர்க்கே உரியதாக்கிற்று. மூலம் இரண்டையும் பிரிக்காது விட்டது வேண்டியே என்று எமக்குத் தோன்றுகின்றது. வயலோரத்தை முற்றும் அறுக்கலாகாது, சிந்தியதைப் பொறுக்கலாகாது, எளியவர்க்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமத்தின் கட்டளை (19:9, 10). போவாஸ் அதன்படி நின்றிருந்தால் எவரும் குறை கூறார். ஆனால் ஒரு மரக்கால் சேர்ந்திராது.

கூடிப் பயில்வதில் இடர்ப்பாடும் உண்டு. அது நான்காம் மாலையில் நேர்ந்தது. ரூத்தை 'மோவாபிய ரூத்' என்று நூல் ஐந்து முறை அழைக்கின்றது. மோவாபிய தேசத்துப் பெண் என்று வேலைக்காரன் சொல்வது வேறு. அவள் எத்தேசத்தாள் என்பது முதலதிகாரத்திலேயே விளங்கியிருக்க, இத்துணை முறை கூறுவானேன்? மோவாபியர் கர்த்தரின் சபைக்கு உட்படலாகாது என்னும் விதி உபாகமத்தில் (23:3) உண்டு என்பதை ஒருவர் எடுத்துக் காட்டினார். அப்போது பிற ஊரிலிருந்து வந்து எம் சபையிற் சேர்ந்த குடும்பத்து இளைஞர் ஒருவர், அதுவரையில் மிகுதியும் பேசாதவர், "போவாசின் வீட்டுக்குப் போன பிறகும் ஊரார் அவளை மோவாபியள் என்றுதான் சொல்லியிருப்பார்களா?" என்று கேட்டார். அவர் குடும்பத்தாரைச் சபையிற் பலர் பெயரால் அழையாது, அவர்கள் குடியிருந்த தெருவின் பெயரால் அழைப்பதை அங்கிருந்தோர் அனைவரும் அறிவர். சிறிது நேரம் எவரும் வாய்திறக்கவில்லை. பின்னர் முதியவர் ஒருவர், சாதிப் பேச்சு வேதபாடத்தில் வேண்டா என்றார். அதனைக் கொண்டுவந்தது யாமல்லோம், நூலே ஐந்து முறை கொண்டுவருகின்றது, என்று விடை பிறந்தது.

சபையினுட் சாதிவேற்றுமை ஒழிக என்று கல்கத்தாவின் அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833ஆம் ஆண்டு எழுதிய ஆணையையும், தஞ்சையிலும் வேப்பேரியிலும் அதற்கு எழுந்த எதிர்ப்பையும் சபைச்சரித்திரம் படித்தோர் அறிவர். தனித்தனி இருக்கையும் தனித்தனிக் கல்லறையும் பற்றிய வழக்குகள் சில ஊர்களில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. எனவே அவ்விளைஞரின் வினா கற்பனை வினாவன்று. அதற்கு நூலில் விடையுண்டா என்று தேடினோம். உண்டு, ஆனால் உரத்த குரலில் இல்லை. ஊர்வாசலில் போவாஸ் பத்து மூப்பர்முன் பேசும்போது இருமுறை மோவாபிய ரூத் என்கின்றான் (4:5, 10). அதற்கு விடை கூறும் மூப்பரும் மக்களும் அச்சொல்லை எடுக்கவில்லை. உன் வீட்டிற்கு வருகின்ற பெண் என்று கூறி, ராகேலையும் லேயாளையும் போலாகுக என்று வாழ்த்துகின்றனர். அவ்விருவரும் இசுரவேலின் வீட்டைக் கட்டிய தாய்மார். அடுத்து நூலாசிரியர் அவளைக் குறிக்கும் வசனத்தில் ரூத் என்று மட்டுமே உள்ளது (4:13). அதன்பின் நூலில் மோவாபியள் என்னும் அடைமொழி இல்லை. இறுதியில் அயலகத்துப் பெண்கள் நகோமியிடம் பேசும்போது, ஏழு குமாரரைப் பார்க்கிலும் உனக்கு அருமையான மருமகள் என்கின்றனர்.

முதியவர் இதனைக் கேட்டு இசைந்தார் என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாயிருக்கும். அவர் இசையவுமில்லை, மறுக்கவுமில்லை. அந்த வசனங்களைத் தம் புத்தகத்திற் கோடிட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறும் வந்தார். அவ்விளைஞரும் வந்தார்.

இத்தகைய குழுவை அமைக்க விரும்பும் நண்பர்க்குச் சில சொல்வோம். பன்னிருவர்க்கு மேற்படின் பேசாதவர் தொகை பெருகும். நடத்துபவர் ஒவ்வொரு மாலையும் மாறுவது நன்று. விடை தெரிந்தவரினும் வினாவத் தெரிந்தவரே அதற்குத் தக்கவர். மொழிபெயர்ப்பு இரண்டேனும் நடுவே இருக்கட்டும். 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு பழையதனோடு ஒப்புநோக்க மிகவும் உதவும். இரண்டும் வேறுபடும் இடத்தில் எது சரி என்று பொருதுவதினும், மூலத்தில் என்ன இருந்தமையால் இருவரும் இருவேறு வழி சென்றனர் என்று வினாவுதல் பயன் தரும். வாசிக்க இயலாதவர் இருப்பின் அவர்க்காகவே ஒருமுறை மெல்ல வாசிக்க வேண்டும். எமக்கு மரக்காலின் பொருளைச் சொன்னவர் அத்தகையவரே. விளக்கவுரை நூல்களைக் கடைசியிற் பார்ப்பது எம் வழக்கம். முதலிற் பார்த்தால் குழுவில் ஒருவர்க்கும் வினா எழாது.

ஐந்தாம் மாலையில் மீண்டும் முழு நூலையும் குரல் பங்கிட்டு வாசித்தோம். கடைசி ஐந்து வசனங்கள் பேரேசிலிருந்து தாவீது வரையுள்ள வம்ச அட்டவணை. வாசிப்போர் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி. எமக்கும் முதன் மாலையில் அதனை விரைந்து கடக்கவே தோன்றிற்று. இம்முறை ஒவ்வொருவரும் ஒரு பெயராக வாசித்தோம். அட்டவணையிலே பெண்பெயர் ஒன்றேனும் இல்லை என்பதை ஒரு தங்கை கவனித்துச் சொன்னார். மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் முதலதிகாரத்தைத் திருப்பினோம். அதே அட்டவணை, போவாஸ் ஓபேதைப் பெற்றான் என்னுமிடத்தில் ரூத் என்னும் பெயர் சேர்க்கப்பட்டிருந்தது. வேறு அடைமொழி இல்லை. அடுத்த தவணைக்கு அவ்வதிகாரத்தையே எடுத்துக்கொள்வதென்று முடிவுசெய்தோம்.